ஊருக்கு வெளியே பேருந்து நிலையம்: ரிச்மண்ட் நகரத்து விவாதமும் டெல்டாவின் நஞ்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களின் பேருந்து நிலையங்களை ஊருக்கு வெளியே கொண்டு செல்வது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். திருவாரூரில் இது நடந்து முடிந்தது. மயிலாடுதுறைக்கு மணக்குடி தேர்ந்தெடுக்கப்பட்டது. கும்பகோணத்தில் அவ்வப்போது இந்தப் பேச்சு எழுந்து அடங்குகிறது. பக்கத்துத் திருச்சியில் 2025 மே மாதம் பஞ்சப்பூர் நிலையம் திறக்கப்பட்டுவிட்டது. நெரிசல் குறையும் என்பது ஒரு தரப்பின் வாதம். கடைத்தெரு வியாபாரம் படுத்துவிடும் என்பது மறுதரப்பின் கவலை. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு கேள்விகளை யாரும் அழுத்திக் கேட்பதாகத் தெரியவில்லை. புதிய நிலையத்துக்கும் பழைய ஊருக்கும் இடையே எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும்? புதிய நிலையத்தைச் சுற்றியிருக்கும் நஞ்சை பத்து ஆண்டுகளில் என்னவாகும்? இவ்விரண்டுக்கும் எழுத்தில் பதில் சொல்லாமல் எந்த ஊரிலும் பேருந்து நிலையத்தை நகர்த்தக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

போக்குவரத்துக் கழகம் ஒன்றில் கால அட்டவணை போடும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் இருப்பதால் அங்கு சில மாதங்கள் தங்கியிருக்க நேர்ந்தது. தொழில் பழக்கத்தால் அவ்வூர்ப் பேருந்துகளையும், அவற்றைப் பற்றி அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் வாதங்களையும் உன்னிப்பாகக் கவனித்தேன். அமெரிக்கா என்றால் நியூயார்க்கும் சிகாகோவும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அவற்றோடு நம் ஊர்களை ஒப்பிடுவதில் பயனில்லை. ரிச்மண்ட் அப்படிப்பட்ட பெருநகரம் அல்ல. 2020 கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை 2,26,610. தஞ்சாவூர் நகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 2.23 லட்சம். ஏறத்தாழ நம் ஊர் அளவுள்ள ஓர் ஊர், தன் பேருந்துகளையும் தெருக்களையும் காலி மனைகளையும் பற்றி எப்படிச் சண்டையிட்டு எப்படி முடிவெடுத்தது என்பதில் நமக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்கள் தவறாகச் செய்தவற்றிலிருந்தும்தான்.

அவர்களுடைய பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். மின்சார டிராம் ஒரு நகரம் முழுவதும் பெரிய அளவில் வெற்றிகரமாக ஓடியது முதன்முதலில் ரிச்மண்டில்தான். 1888-இல் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் அந்த மேடுபள்ளமான ஊரில் அதைச் செய்து காட்டினார். மற்ற நகரங்கள் அதைப் பார்த்துத்தான் டிராம் பாதை போட்டன. அத்தகைய பெருமை உடைய ஊர் 1949-இல் தன் கடைசி டிராமையும் நிறுத்திவிட்டது. எல்லோரும் கார் வாங்கிவிடுவார்கள், இனி நெடுஞ்சாலைதான் வேண்டும் என்று அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள். நகரின் நடுவே நெடுஞ்சாலை அமைக்கும் திட்டத்தை ரிச்மண்ட் வாக்காளர்கள் வாக்கெடுப்பில் இரண்டு முறை நிராகரித்தார்கள். அதற்குப் பிறகு மாநிலச் சட்டமன்றம் தனி ஆணையம் ஒன்றை அமைத்து, நகர மக்களின் ஒப்புதல் தேவைப்படாத வகையில் அந்தச் சாலையைக் கட்டியது. 1958-இல் அது திறக்கப்பட்டது. கருப்பின மக்கள் தங்கள் வங்கிகளையும் கடைகளையும் தேவாலயங்களையும் உழைத்து உருவாக்கியிருந்த ஜாக்சன் வார்டு என்னும் பகுதியை அந்தச் சாலை இரண்டாகப் பிளந்தது. வீடிழந்தவர்களுக்கு அந்த நெடுஞ்சாலையால் ஒரு பயனும் இல்லை. அவர்களில் பலரிடம் கார் இல்லை. பிளந்த அந்த இரு பாதிகளையும் சாலைக்கு மேல் தளம் அமைத்து மறுபடி இணைப்பது எப்படி என்று இப்போது, அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்நகரம் திட்டம் தீட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள் வேண்டாம் என்றதை அவர்கள் தலைக்கு மேலே எடுத்துச் சென்று முடித்தால் அதைச் சரிசெய்ய இரண்டு தலைமுறை ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி அண்மைக் காலத்துக்கு வருகிறேன். ரிச்மண்டின் நடுவே கிழக்கு மேற்காகச் செல்லும் முதன்மைச் சாலை பிராட் தெரு. அதில் 2018 ஜூன் மாதம் 'பல்ஸ்' என்ற விரைவுப் பேருந்துத் தடம் தொடங்கப்பட்டது. நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குப் பேருந்துக்கென்றே தனிப்பாதை. செலவு சுமார் 6.5 கோடி டாலர். ரயில் பாதை போடுவதோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. நெரிசல் நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்று, மற்ற நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒன்று என்பது அப்போதைய அட்டவணை. தொடங்குவதற்கு முன்னால் எதிர்ப்பு பலமாக இருந்தது. வாகனம் நிறுத்தும் இடம் போய்விடும், கட்டுமானக் காலத்தில் வியாபாரம் போய்விடும் என்று பிராட் தெருக் கடைக்காரர்கள் அஞ்சினார்கள். காலியாக ஓடப்போகும் பேருந்துக்கு இவ்வளவு பணமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நாளொன்றுக்கு 3,500 பேர் பயணம் செய்தால் போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். சில மாதங்களிலேயே அந்த அளவைத் தாண்டி விட்டது.

தொழிலறிந்தவன் என்ற முறையில் இதற்கான காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் ஊர் விவாதத்தில் அடியோடு விடுபட்டுப் போவது இதுதான். பேருந்தின் உண்மையான தரம் அதன் வண்ணத்திலோ இருக்கையிலோ குளிர்சாதனத்திலோ இல்லை. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் தடத்தில் நேரம் பார்க்காமல் வந்து நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். 40 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 20 நிமிடம். வண்டி மாறிப் போக வேண்டிய பயணமாக இருந்தால் இந்தக் காத்திருப்பு இரண்டு முறை வரும். ஒரு வண்டி வராமல் போனால் 10 நிமிடத் தடத்தில் அது சிறு தாமதம்; 40 நிமிடத் தடத்தில் அன்றைய கூலி போயிற்று, அல்லது மருத்துவமனையில் வாங்கிய டோக்கன் வீணாயிற்று. பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டு போகும்போது, இதுவரை ஒரே வண்டியில் ஊர் நடுவே வந்து இறங்கியவர் அனைவரையும் நாம் வண்டி மாற வைக்கிறோம். அந்த இரண்டாவது வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை முடிவு செய்யாமல் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுவது பயணியின் நேரத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்வதாகும்.

யார் அந்தப் பயணி என்றும் பார்க்க வேண்டும். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வாழை இலைக் கட்டோடு காமராசர் மார்க்கெட்டுக்கு வருபவர், பூக்காரத் தெருவுக்குப் பூக்கூடை கொண்டு வரும் பெண், ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு மாதப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் முதியவர். இவர்கள் எல்லோரும் விடியற்காலையில் கிளம்புபவர்கள். கையில் சுமையோடு வருபவர்கள். காரில் வருபவருக்குப் புறவழிச்சாலை நிலையம் வசதியாக இருக்கலாம். இவர்களுக்கு அது ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது மிக நல்ல திட்டம், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இலவசமாக ஏற வேண்டிய நகரப் பேருந்து வெகுநேரம் வராமல் போனால், அந்தப் பெண் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துத்தான் போவார். அரசு அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

கட்டணம் பற்றி ரிச்மண்டில் நடந்த வாதமும் இங்கே பொருந்தும். பெருந்தொற்று தொடங்கிய 2020 மார்ச் மாதம் அவ்வூர்ப் பேருந்துகளில் கட்டணம் நிறுத்தப்பட்டது. ஆண், பெண், உள்ளூர், வெளியூர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் இலவசம். பின்னர் மாநில அரசின் நிதி, நகராட்சியின் பங்கு, வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காகவும் ஊழியர்களுக்காகவும் கொடுக்கும் தொகை ஆகியவற்றைக் கொண்டு அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். பயணிகள் எண்ணிக்கை பெருந்தொற்றுக்கு முந்தைய அளவைத் தாண்டியது. ஆனாலும் அங்கே ஒரு சாரார் விடாமல் கேட்டார்கள்: இந்தப் பணத்தில் கூடுதல் வண்டி விடலாமே, நிறுத்தங்களில் பெஞ்சும் நிழற்குடையும் போடலாமே? ஏனெனில் அந்நகரின் பெரும்பாலான நிறுத்தங்களில் அப்போது உட்கார இடம் கிடையாது; வெறும் கம்பமும் பலகையும்தான். என் கருத்தில் கட்டணச் சலுகையும் வேண்டும், நடைகளும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்க இடம் கொடுக்கக் கூடாது. கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்ட பிறகு வசூலைக் காரணம் காட்டி நடை குறைக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

பல்ஸ் தொடங்கிய அதே நாளில் ரிச்மண்ட் தன் பேருந்துத் தடங்கள் அனைத்தையும் மாற்றி வரைந்தது. ஜாரெட் வாக்கர் என்ற போக்குவரத்து ஆலோசகரின் குழு அதில் பங்கேற்றது. அந்தக் குழு மக்கள் முன் வைத்த அடிப்படைக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கையில் உள்ள வண்டிகளை நிறையப் பேர் ஏறும் சில தடங்களில் அடிக்கடி விடுவதா, அல்லது ஆள் குறைவாக உள்ள இடங்களுக்கும் போய்ச் சேரும்படி எல்லாத் திசையிலும் அரிதாக விடுவதா? இரண்டையும் முழுமையாகச் செய்யப் பணம் இருக்காது. எனவே எதற்கு எவ்வளவு பங்கு என்று ஊர்தான் தீர்மானிக்க வேண்டும், நிபுணர்கள் அல்ல. ரிச்மண்ட் முதலாவதன் பக்கம் சாய்ந்தது. பலருக்கு அதனால் நன்மை. ஆனால் நகரின் கிழக்குப் பகுதியில், கருப்பின மக்களும் வருமானம் குறைந்தவர்களும் அதிகம் வாழும் இடத்தில், முன்பு ஒரே வண்டியில் வேலைக்குப் போனவர்கள் இப்போது வண்டி மாற வேண்டியதாயிற்று என்று கடுமையான புகார் எழுந்தது. அவர்கள் சொன்னது உண்மை. பின்னர் சில தடங்கள் திருத்தப்பட்டன. அந்தப் புகாரைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் நிதியைப் பெறும் பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் தடங்களில் பெரிய மாற்றம் செய்யும்போது, அது சிறுபான்மை இனத்தவரையும் ஏழைகளையும் அளவுக்கு மீறிப் பாதிக்கிறதா என்று அப்போது ஆய்வு செய்து காட்ட வேண்டியிருந்தது. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்து வந்த கடமை அது. கட்டணத்தை உயர்த்துவதற்கும் சேவையைப் பெரிதாகக் குறைப்பதற்கும் முன்னால் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

நம்மிடம் இதற்கு இணையாக என்ன இருக்கிறது? மாவட்ட ஆட்சியரே வட்டாரப் போக்குவரத்து ஆணையம். தடத்துக்கு உரிமம் வழங்குவதும் நேரம் ஒதுக்குவதும் அங்கே நடக்கின்றன. அந்த நேர நிர்ணயக் கூட்டத்தில் தனியார் பேருந்து உரிமையாளர்கள் அமர்கிறார்கள், அரசுக் கழகத்தின் அதிகாரிகள் அமர்கிறார்கள். முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் போகும் வண்டிக்கும் எத்தனை நிமிட இடைவெளி என்று ஒவ்வொருவரும் தம் வசூலுக்காக வாதாடுகிறார்கள். பயணியின் சார்பில் பேச அங்கே ஒருவரும் இல்லை. இதனால்தான் பல தடங்களில் மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டு அதன்பின் முக்கால் மணி நேரம் ஒன்றும் வராத நிலை ஏற்படுகிறது. இடைவெளியைச் சமமாகப் பங்கிட்டாலே, ஒரு வண்டிகூடக் கூடுதலாக வாங்காமல், காத்திருக்கும் நேரத்தைப் பெருமளவு குறைத்துவிடலாம்.

ஊர் எல்லை என்பது அடுத்த சிக்கல். வர்ஜீனியாவில் நகரமும் அதைச் சுற்றியுள்ள கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நிர்வாகத்தில் முற்றிலும் தனித்தனி. ரிச்மண்டைச் சூழ்ந்துள்ள ஹென்ரிக்கோ, செஸ்டர்ஃபீல்டு கவுண்டிகள் நகரப் பேருந்து தங்கள் எல்லைக்குள் வருவதை நெடுங்காலம் பெரிதாக விரும்பவில்லை. வேலைவாய்ப்புள்ள கடைகளும் அலுவலகங்களும் எல்லைக்கு அப்பால் பெருகின. வேலை தேடும் ஏழைகள் எல்லைக்கு இப்பால் இருந்தார்கள். 2018 செப்டம்பரில்தான் பிராட் தெருவின் மேற்குக் கோடியில் உள்ள ஷார்ட் பம்ப் கடைவீதி வரைக்கும் பேருந்து சென்றது. 2020-இல் மாநிலச் சட்டமன்றம் மத்திய வர்ஜீனியா போக்குவரத்து ஆணையத்தை உருவாக்கி, அந்த வட்டாரம் முழுவதற்கும் 0.7 விழுக்காடு கூடுதல் விற்பனை வரியும் எரிபொருள் வரியும் விதித்தது. அதன் வருவாயில் 15 விழுக்காடு பேருந்து நிறுவனத்துக்குச் செல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நகராட்சியிடமும் கவுண்டிகளிடமும் கையேந்தி நிற்காமல் பேருந்துக்கென்று நிலையான வருவாய் கிடைத்தது இதனால்தான்.

இதைப் படிக்கும் வாசகர்களுக்கு நம் சொந்த வரலாற்றை நினைவூட்ட வேண்டும். இது அமெரிக்காவிலிருந்து இரவல் வாங்க வேண்டிய யோசனை அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்துத் தனித் தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் பாதை போட்டது. 1894-இல் அதில் ரயில் ஓடத் தொடங்கியது. இந்நாட்டில் ஒரு ஜில்லா போர்டு தன் பணத்தில் ரயில் பாதை அமைப்பதற்கு முன்மாதிரியாக இருந்தது நம் மாவட்டம். நம் பாட்டன் பூட்டன் காலத்து விவசாயிகள் நெல் விளைந்த நிலத்துக்குக் கட்டிய பணம் அது. அந்த ஜில்லாவில்தான் 1980-களில் மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் பாதை மூடப்பட்டது. அதன் தண்டவாளங்கள் இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. திருவாரூர்–காரைக்குடி அகலப் பாதைப் பணி முடிந்து 2019-இல் ரயில் விட்டபோது, கேட் கீப்பர்கள் நியமிக்கப்படாததால் ஊழியர்கள் ரயிலிலேயே பயணம் செய்து ஒவ்வொரு கேட்டாக இறங்கி மூடித் திறக்க வேண்டியிருந்தது. பாதை போடுவதோடு வேலை முடிந்ததாக நினைக்கும் மனப்பான்மை ரயிலிலும் உண்டு, பேருந்திலும் உண்டு.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். ரிச்மண்ட் பல்ஸ் தடத்தைப் பேருந்துத் திட்டமாக மட்டும் பார்க்கவில்லை. 2017-லேயே அந்தத் தடத்தை ஒட்டிய நிலங்களில் எந்த மாதிரிக் கட்டடம் வர வேண்டும், எவ்வளவு உயரம், கீழ்த்தளத்தில் கடை, மேல்தளங்களில் வீடு என்று ஒரு திட்டத்தை நகர மன்றம் ஏற்றது. பழைய கிடங்குகளும் காலி வாகன நிறுத்துமிடங்களும் இருந்த பகுதிகளில் வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு கட்டடத்திலும் இத்தனை கார் நிறுத்த இடம் விட்டே ஆக வேண்டும் என்ற விதியை 2023 ஏப்ரலில் நகரம் முழுவதும் நீக்கினார்கள். வாடகை ஏறி ஏழைகள் வெளியேற்றப்படுவார்கள் என்று எதிர்த்தவர்கள் உண்டு. அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல, அது இன்னும் தீராத வாதம். ஆனாலும் ஊர் வளர வேண்டுமானால் பேருந்து போகும் தெருவை ஒட்டி வளரட்டும், வயலையும் காட்டையும் தின்று வளர வேண்டாம் என்ற அடிப்படை எண்ணம் சரியானது.

அதே நகரத்தில் 2020 பிப்ரவரியில் வேறொன்றும் நடந்தது. மூடிக் கிடந்த பழைய உள்விளையாட்டு அரங்கத்தை இடித்துப் புதியது கட்டி, கூடவே ஹோட்டல், வீடுகள், பேருந்து மாறும் நிலையம் எல்லாம் அமைக்கும் 'நேவி ஹில்' திட்டம் நகர மன்றத்தின் முன் வந்தது. மதிப்பு சுமார் 150 கோடி டாலர். நகரின் நடுவே ஏறத்தாழ 80 தெருக்கட்டங்களில் எதிர்காலத்தில் உயரக்கூடிய சொத்து வரியை அரங்கத்தின் கடனுக்கு ஒதுக்குவதாக இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டிய பணத்தை அரங்கத்துக்குக் கொடுப்பதா என்று மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பேசினார்கள். மன்றம் 7–2 என்ற கணக்கில் அதைக் கைவிட்டது. செல்வாக்கு மிக்க தொழிலதிபர்கள் முன்னின்று கொண்டுவந்த திட்டம் அது. கணக்கு விவரங்கள் பொதுவில் வைக்கப்பட்டிருந்ததால் சாதாரண மக்களும் அதை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்க முடிந்தது. பின்னர் 2023-இல் பேருந்து மாறும் இடத்தைப் புதிதாக அமைத்தபோது, அதை நகரின் நடுப்பகுதியிலேயே, முன்பு இருந்த இடத்துக்கு அருகிலேயே அமைத்தார்கள்.

நம் டெல்டாவில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பேருந்து நிலையம் வருகிறது என்ற பேச்சு எழுந்த உடனே அந்தச் சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுக் கொடிகள் பறக்கின்றன. இரண்டு போகம் விளையும் நஞ்சையில் லாரி லாரியாக மண் அடித்து மேடாக்குகிறார்கள். அந்த வயலுக்குத் தண்ணீர் கொண்டு வந்த கிளை வாய்க்கால் அதோடு தூர்ந்தது. அதற்குக் கீழே உள்ள வயல்களுக்குப் பாசனம் போயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளம் வடிய வழியில்லாமல் பக்கத்து வயலில் சம்பாப் பயிர் அழுகுகிறது. 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுத்தல், உலோக உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றைத் தடை செய்கிறது. அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. சாலை உள்ளிட்ட உள்கட்டமைப்புப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. ஹைட்ரோகார்பன் கிணறு வராமல் காத்த வயலைப் புறவழிச்சாலையும் பேருந்து நிலையமும் அவற்றைத் தொடர்ந்து வரும் மனைகளும் சத்தமின்றி எடுத்துக்கொள்கின்றன. இங்கே போவது காவிரி நீர் பாய்ந்து பல நூற்றாண்டுகளாகப் பண்பட்ட வண்டல் மண். ஒருமுறை மண் அடித்து மூடிய நஞ்சையைத் திரும்ப நஞ்சையாக்கிய ஊர் எதையும் நான் அறியேன்.

எனவே என் கோரிக்கைகள் தெளிவானவை. தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையம், ராசா மிராசுதார் மருத்துவமனை, ரயில் நிலையம், மருத்துவக் கல்லூரி, புதிய பேருந்து நிலையம், வல்லம் ஆகியவற்றை ஒரே தடத்தில் கோக்க முடியும். விடியற்காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை 10 நிமிடத்துக்கு ஒரு நகரப் பேருந்து அங்கே ஓடட்டும். அரசு வண்டியும் தனியார் வண்டியும் அந்த இடைவெளியைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். மயிலாடுதுறையில் ரயில் சந்திப்பும் ஊரின் நடுவே உள்ள நிலையமும் மணக்குடியும் இதே போல ஒரு தடத்தில் இணைய வேண்டும். அங்கு ரயிலை விட்டு இறங்குபவருக்கு நடந்து போகும் தூரத்தில் பேருந்து நிலையம் இல்லை. கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அந்த ஒரு சில நாள் கூட்டத்தைக் காட்டி நிரந்தரமாக நிலையத்தை நகர்த்துவதற்குப் பதிலாக, விழாக்காலத்துக்குத் தற்காலிக நிலையங்கள் போதும். அது நமக்குப் பழக்கமான ஏற்பாடே. 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட விரிவான மினி பேருந்துத் திட்டத்தின் வண்டிகள், கிராமத்திலிருந்து கிளம்பி இந்த முதன்மைத் தடத்தைத் தொட்டுத் திரும்பும்படி நேரம் அமைய வேண்டும். வெளியூர்ப் பேருந்துகளில் ஒரு பகுதியாவது அதிகாலையிலும் இரவிலும் ஊருக்குள் வந்து போக அனுமதிக்க வேண்டும். இவை புதிய நிலையம் திறக்கும் நாளுக்கு முன்பே நடைமுறைக்கு வர வேண்டும். சென்னைக் கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது அதையொட்டிய ரயில் நிலையமும் மெட்ரோவும் தயாராக இல்லாததால் நம் ஊரிலிருந்து பொங்கல் முடிந்து திரும்பியவர்கள் நள்ளிரவில் என்ன பாடுபட்டார்கள் என்பது இப்பகுதி வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை, புதிய நிலையத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு உட்பட்ட நஞ்சைகளை நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) வேளாண் பயன்பாட்டு நிலமாகவே வைத்திருக்க வேண்டும் என்றும், அவ்வாறு வைக்க முடியாத இடத்தில் நிலையமே அமைக்கக் கூடாது என்றும் உறுதியாக நம்புகிறேன். ஊருக்குள் பாழடைந்து கிடக்கும் கிடங்குகளும் அரிசி ஆலை வளாகங்களும் காலி அரசு மனைகளும் எத்தனையோ உள்ளன. வீடும் கடையும் முதலில் அங்கே எழட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த ஊரில் நிலையத்தை மாற்றுவதானாலும், தட வரைபடத்தையும் உத்தேச நேர அட்டவணையையும் அந்த ஊரின் இப்போதைய பேருந்து நிலையத்தில் பயணிகள் நின்று படிக்கும்படி ஒரு மாத காலம் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும். நேர நிர்ணயக் கூட்டத்தில் பயணிகள் சார்பில் இருவருக்கு, அவர்களில் ஒருவர் தினமும் பேருந்தில் வந்து போகும் பெண்ணாக இருக்கும்படி, இடம் அளிக்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஆட்சியர் அலுவலகத்தில் பகல் 11 மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவரோ பூக்கூடைக்காரப் பெண்ணோ வர முடியாது. அதைப் பேருந்து நிலையத்திலேயே மாலை 6 மணிக்கு நடத்தி, கிராமங்களுக்குச் செல்லும் கடைசி வண்டி கிளம்பும் முன் அவர்களைப் பேச விட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழகப் பணியாளர்,
தஞ்சாவூர்.